முதுகு காட்டும் ஊரில் ஓர் ஊர்வலக் கார்

மலாயாவின் ஈப்போவில் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் சீனர்கள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்கள். காய்கறிக் கூடையோடு எதிரே வந்த கிழவி சுவரைப் பார்த்துத் திரும்பினாள். முடிவெட்டும் கடைக்காரர் கையில் கத்தரிக்கோலோடு திரும்பினார். நாற்காலியில் பாதி முடியோடு இருந்தவரும் அவரோடு சேர்ந்து திரும்பினார். ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, நான் கடந்து போகும்வரை மருந்துக்கடைப் பலகையையே படித்துக்கொண்டிருந்தார். கார் போனதும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். நான் ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்த் துணி விற்கிற ஆள். என்னைக் கண்டு யாரும் எழுந்து நின்று எனக்குப் பழக்கமில்லை. ஆகவே இதை மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டேன். பெரிய மனிதர் வந்தால் முகத்தை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது என்று இவர்களுக்குள் ஏதோ வழக்கம் இருக்கிறது என்று நானாக முடிவு கட்டினேன். இரண்டாவது வாரத்திலிருந்து இடப்பக்கமும் வலப்பக்கமும் லேசாகத் தலையசைத்து அந்த மரியாதையைப் பெற்றுக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விளங்குவது கடினம். நம் பக்கத்தில் கார் என்பதே பார்ப்பதற்காக வருவதுதான். இராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி வழியாகக் கடலோரத்துக்கு வருகிற சாலையில் ஒரு கார் தென்பட்டால் ஆடு மேய்க்கிறவர் ஆட்டை விட்டுவிட்டு ஓடி வருவார். சன்னலுக்குள் தலையை நுழைத்து, "யாரு வந்திருக்கா? எங்கன போறீக? நீங்க இன்னாரு மகனா?" என்று விசாரித்து, உள்ளே இருப்பவரின் சொந்தபந்தம் முழுவதையும் தோண்டி எடுத்த பிறகே வழிவிடுவார். கார் நின்றுபோனாலோ இன்னும் விசேஷம். பீடி பற்றவைக்கிற நேரத்துக்குள் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். காரையே அன்றுதான் கிட்டத்தில் பார்க்கிறவர்கூட எஞ்சினைத் தட்டிப் பார்த்து, "இதுக்கு மூச்சு முட்டுதுப்பா, செத்த நேரம் காத்தாட விடு" என்று வைத்தியம் சொல்வார். இந்த நாட்டில் கார் நின்றால் எல்லோரும் நேரே பார்த்துக்கொண்டு கடந்து போய்விடுகிறார்கள். வந்த புதிதில் இதற்காகவே எனக்குக் கோபம் கோபமாக வரும்.

எனக்குக் கார் வைத்தியம் தெரிந்தது என் மனைவி ஜொகராவின் அண்ணன் கமால் மச்சானால். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய சமயத்தில் ஒரு துரை விட்டுப்போன பழைய காரை மச்சான் வாங்கி வந்து, தன் தாய்வீட்டு முற்றத்தில், அடுப்படிச் சுவரை ஒட்டி நிறுத்தினார். நான் அப்போது அவருக்கு உறவுக்காரப் பையன். அந்தக் காருக்கு டிரைவர். அந்தக் காருக்கு ஒரே ஒரு தொழில்தான்: மாப்பிள்ளை ஊர்வலம். எங்கள் கடற்கரை முஸ்லிம் ஊர்களில் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அவர் வருகிற வருகை ஊருக்கே தெரிய வேண்டும். மாலை அஸர் தொழுகை முடிந்ததும், முகம் தெரியாமல் பூச்சரம் தொங்க, மாப்பிள்ளை பின் சீட்டில் ஏறுவார். தப்ஸ் அடித்துப் பாடுகிறவர்கள் முன்னால் நடப்பார்கள். சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றின் முன்னாலும் கார் நிற்கும். சர்பத்து வரும், பாட்டு வரும், மறுபடி நாலு அடி நகரும். நடந்தால் பத்து நிமிடத்தில் போய்ச் சேருகிற தூரத்தைக் கார் மூன்று மணி நேரத்தில் கடக்கும்.

காரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டதும் தலையில் கை வைப்பார்கள். கிளச்சு என்பது எஞ்சினையும் சக்கரத்தையும் சேர்த்துவைக்கிற, பிரித்துவைக்கிற சமாசாரம். ஒன்று முழுக்க மிதிக்க வேண்டும், அல்லது முழுக்க விட வேண்டும். நாங்களோ மூன்று மணி நேரமும் அதைப் பாதி மிதித்த மேனிக்கே வைத்திருப்போம். முதல் கியர் தவிர மற்ற கியர்கள் புத்தம் புதிதாக இருந்தன. எஞ்சினுக்குக் காற்றே படாது, கொதிக்கும். குடிக்கிற நல்ல தண்ணீரை ஒரு மைல் தூரத்திலிருந்து சுமந்து வருகிற ஊரில் அதைக் காருக்கு ஊற்ற எந்தப் பெண் விடுவாள்? வீட்டுக் கிணற்று உப்புத் தண்ணீரைத்தான் ரேடியேட்டர் குடித்தது. ஒரு வருடத்தில் உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்து பாதி அடைத்துக்கொண்டது.

என் சொந்தக் கல்யாணத்திலேயே அது என் மானத்தை வாங்கியது. நான் மாப்பிள்ளையாகப் பின்னால் உட்கார்ந்துவிட்டதால் மச்சானே ஓட்டினார். பூச்சரத்துக்குள் இருந்த எனக்கு எதுவும் தெரியவில்லை, காது மட்டும் கேட்டது. எஞ்சின் கத்துகிறது, கார் நகரவில்லை. "மச்சான், கிளச்சு வழுக்குது, காலை எடுங்க, காலை எடுங்க" என்று உள்ளிருந்து கத்தினேன். பாடிக்கொண்டிருந்தவர்கள் மாப்பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பாட்டை நிறுத்தினார்கள். அதற்குள் புகை எழும்பிவிட்டது. "தண்ணி! தண்ணி!" என்று மச்சான் போட்ட கூச்சலுக்கு யாரோ நீட்டிய பாத்திரத்தை அவர் அப்படியே ரேடியேட்டரில் கவிழ்த்தார். அது மாப்பிள்ளைக்கு வந்த ரோஸ் சர்பத்து. அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணங்களுக்குப் போனது அந்தக் கார். சூடானால் தெருவெல்லாம் சீனி கருகிய வாசமும் பன்னீர் வாசமும் வரும். அன்று நான் மாலையோடு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, எஞ்சினைச் சரிசெய்துவிட்டுத்தான் நிக்காஹுக்குப் போனேன்.

மச்சானுக்கு அந்தக் கார் விஷயத்தில் ஒரு பிடிவாதம் உண்டு. கல்யாண வண்டி, இறந்தவர்களை அடக்குகிற கபருஸ்தான் இருக்கிற தெருவில் போகக் கூடாது. அதற்காகவே ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். ஒரு முறை சாவு விழுந்த மவுத்து வீட்டுக்கு வந்த வெளியூர்க்காரரைக் கொண்டுபோய் விடச் சொன்னபோது, "கேடு கெட்ட சகுனத்தை நான் ஏன் கூட்டிக்கிட்டு அலையணும்?" என்று கூசாமல் மறுத்துவிட்டார்.

கல்யாணமாகிச் சில மாதங்களில் நான் மலாயாவுக்குக் கப்பலேறினேன். ஏழு வருடத்தில் இரண்டு முறை ஊருக்குப் போய்வந்தேன். ஜொகராவை இங்கே அழைத்துக்கொள்ளப் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பெண்ணை அடுத்த தெருவுக்கே அனுப்பாத வீட்டில், கடல் தாண்டி அனுப்பு என்று கேட்டால்? கடைசியில் என் மாமி, ஜொகராவின் தாயாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. யாரோ எழுதிக்கொடுத்த எழுத்து. வார்த்தை மட்டும் மாமியுடையது. "கமாலு கூட வருவான். அங்கன குடும்பம் நடத்தத் தோதா இருந்தா விட்டுட்டு வருவான். அவன் மனசுக்குச் சரிப்படலன்னா அடுத்த கப்பல்லயே தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வந்துருவான். பொறவு நீங்க இந்தப் பேச்சை எடுக்கப்படாது." மச்சான் ஒரு இடம் சரியில்லை என்று முடிவு செய்ய என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒரு காக்கை தப்பான பக்கம் கத்தினால் போதும். ஏழு வருடத் தனிமை எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டிருந்தது. துறைமுகத்திலிருந்து இருவரையும் சொந்தக் காரில் அழைத்துவந்து மச்சானின் வாயை அங்கேயே அடைத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஆ செங் என்பவரின் பட்டறையில் அந்தக் கார் நின்றுகொண்டிருந்தது. கறுப்புக் கார், பழசு, ஆனால் பளபளப்பு; முன்பக்கம், பூ கட்ட என்று நான் நினைத்த ஒரு கம்பி. பழைய கார் வாங்கப் போகிற எல்லோரும் முதலில் மைல் மீட்டரைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பதில்லை, வண்டி எவ்வளவு தூரம் போனது என்பதைவிட எப்படிப் போனது என்பதுதான் முக்கியம். குனிந்து பெடல்களைப் பார்த்தேன். ஆக்சிலேட்டர் பெடலின் ரப்பரில் வரிகள்கூட அழியவில்லை. கிளச்சுப் பெடலின் ரப்பரோ தேய்ந்து வழவழவென்று இருந்தது. எடுத்து ஓட்டினால் முதல் கியர் மட்டும் ஊளையிட்டது. மற்றவை பேசாமல் விழுந்தன. எஞ்சின் இரைகிற அளவுக்கு வண்டி போகவில்லை. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற பிளக்கைக் கழற்றினேன், மெதுவாகவே ஓடிய வண்டிக்குரிய கரி அப்பியிருந்தது. ரேடியேட்டரின் இடுக்குகளில் காய்ந்த பூவிதழ்கள், பொன்னிறக் காகிதத் துணுக்குகள். நம் ஊர் ஜிகினாவேதான்! ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஹாரனைத் தொட்டதற்கான அடையாளமே இல்லை. நம் ஊர்வலக் காரில் முதலில் செத்துப்போவது ஹாரன்தான். நல்ல பொறுமைசாலி டிரைவர் போலிருக்கிறது என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

எனக்கும் ஆ செங்குக்கும் பொதுவாக இருந்தது கடைத்தெரு மலாய் மொழி. விற்கவும் வாங்கவும் போதும். "இந்தக் கார் ஊர்வலம் போகிற கார்தானே?" என்றேன். அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னை வியப்போடு பார்த்தார்.

"எப்படித் தெரியும்?"

"எங்கள் ஊரிலும் இப்படி ஒரு கார் உண்டு. நான்தான் டிரைவர். மேளம் எல்லாம் வருமா?"

"வரும். பெரிய மேளம்."

"பூ?"

"நிறையப் பூ."

"சொந்தக்காரர்கள் கூடவே நடப்பார்கள்?"

"எல்லோரும் நடப்பார்கள். சாப்பாடும் உண்டு."

"ஆள் எங்கே இருப்பார்? பின்னாலா?"

"இல்லை. முன்னால்."

மாப்பிள்ளையை முன்சீட்டில் உட்காரவைப்பது இந்த நாட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கல்யாண ஊர்வலமா என்று நான் கேட்கவில்லை. அதை யாராவது கேட்பார்களா? நம் ஊரில் மனிதர் காரில் ஊர்வலம் போவது ஒரே ஒரு முறைதான். மவுத்தானால் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தோளில் தூக்குகிறோம். பக்கத்துத் தெரு இந்துக்கள் பாடை கட்டித் தூக்குகிறார்கள். இறந்தவருக்கு என்று ஒரு கார் இருக்கும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. ஆ செங் வாங்கப் போகிற என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, "உனக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டார். "இது பரக்கத்தான வண்டி, ராசியான வண்டி" என்றேன். அவர் என் தோளைத் தட்டி, கிளச்சுத் தட்டை மாற்றுவதற்குக் கூலி வேண்டாம் என்றார். நல்ல மனிதர். இருவரும் சேர்ந்து சலவை சோடா கரைத்து ரேடியேட்டரை அலசினோம். புதுப் பிளக்கு போட்டோம். காரோடு நின்று படம் பிடித்து, பின்னால் கார் நம்பரையும் எழுதி மச்சானுக்கு அனுப்பினேன்.

கப்பல் புறப்பட்டுவிட்டதாகத் தகவல் வந்த மறுநாள், நான் வழக்கம் போலத் தலையசைத்துக்கொண்டே போய் முத்தையா அண்ணனின் தேநீர்க் கடை வாசலில் காரை நிறுத்தினேன். அண்ணன் முதுகுளத்தூர்க்காரர், எனக்குப் பத்து வருடம் முன்னால் இங்கே வந்தவர். இரண்டு மாதம் ஊருக்குப் போயிருந்து அன்றுதான் திரும்பியிருந்தார். காரைப் பார்த்ததும் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏலே, இதை எதுக்குலே இங்கன கொண்டாந்து நிறுத்துறே? யாரு செத்தது?"

"என் கார்ண்ணே. வாங்கியிருக்கேன்."

"வாங்கினியா? ஏலே கூறு கெட்டவனே, இது சாவு வண்டிலே! செத்தவக படத்த முன்னால கட்டி, பூவப் போட்டு, பொட்டிக்கு முன்னால மெதுவா விட்டுக்கிட்டுப் போவாகள்ல, அந்த வண்டி. சாவ நேருல பாக்கப்படாதுன்னு சீனாக்காரன் முதுகத் திருப்பிக்குவான், இந்த ஊருல நாய்க்குக்கூடத் தெரியும். பொன் காயிதத்தை எரிச்சு எரிச்சுப் போடுவாகளே, நீ பாத்ததே இல்லையா?"

பார்த்திருக்கிறேன், தூரத்திலிருந்து. இன்னதென்று விசாரித்ததில்லை. அன்றுவரை கடைத்தெருவில் நான் அசைத்த தலையசைப்புகள் அத்தனையும் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தன. அண்ணன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "உன் மச்சான்காரன் அந்தச் சகுனம் பாக்குறவந்தானே? வாராரா?" என்றார். நம்பர்வரை எழுதி அனுப்பியாகிவிட்டது. படத்தை வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பதாக மாமியின் கடிதமும் வந்துவிட்டது. வேறு காரில் போய் நின்றால் அதற்கும் ஒரு பொய் சொல்ல வேண்டும். உலகத்தில் பெடல் ரப்பரைப் பார்த்து ஊர்வலக் காரைக் கண்டுபிடிக்கக்கூடிய ஆட்கள் இரண்டே பேர்தான் இருந்தோம். மற்றவர் கப்பலில் வந்துகொண்டிருந்தார். நான் கடைக்குப் போய்ப் புது ரப்பர் வாங்கிக் கிளச்சுப் பெடலுக்கு மாட்டினேன்.

பினாங்குத் துறைமுகத்தில் ஜொகராவைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சான் என்னைத் தழுவிய கையோடு காரிடம் போனார். சுற்றி வந்தார். உள்ளே குனிந்தார்.

"மாப்புள, கிளச்சு ரப்பர் மட்டும் ஏன் புதுசு?"

"தேஞ்சு போச்சு மச்சான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். காருக்குள் பழைய பூ வாசத்தை மோந்து பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர, "ஊர்வல வண்டியா! அடேயப்பா, நம்ம வண்டி மாதிரியே! எத்தன கல்யாணம் பாத்துச்சு?" என்றார். எதற்குப் பயந்து நடுங்கினேனோ அதிலேயே அவரும் என்னைப் போல விழுந்தார். "ரொம்ப" என்றேன். எண்ணிக்கையில் பொய் இல்லை.

படகில் காரை ஏற்றிக் கடந்து, தைப்பிங் ஊருக்குள் நுழைந்தோம். இங்கே யாருக்கும் இந்தக் காரைத் தெரியாது என்று நிம்மதியாக இருந்தேன். கறுப்பு நிறமும் முன்பக்கம் படம் கட்டுகிற கம்பியும் போதுமாக இருந்தது போலிருக்கிறது. நாலைந்து பேர் முதுகைத் திருப்பினார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"மாப்புள, யாருக்கு இந்த மரியாதை?"

"நமக்குத்தான் மச்சான்."

"இம்புட்டா!" என்று மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் தலையசைக்கத் தொடங்கினார்.

தைப்பிங்கைத் தாண்டினால் மலைப்பாதை. நம் சீமையில் மேடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது கண்மாய்க் கரைதான். மச்சான் கதவைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஓதினார். பாதி ஏற்றத்தில் எஞ்சின் விக்கியது, இழுத்தது, மறுபடி விக்கி நின்றுபோனது. பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் பானட்டைத் திறந்தோம். மச்சான் பிளக்கு என்றார். புதுப் பிளக்கு என்றேன். கொதிக்கிறது என்றார். தொட்டுப் பாருங்கள், சூடே இல்லை என்றேன். அவர் கார்புரேட்டர் என்றார், நான் காயில் என்றேன். குரல்கள் ஏறின. "தொழில் சொல்லிக் கொடுத்த எனக்கே பாடமா?" என்று அவர் எகிற, "சர்பத்து ஊத்துன ஆளுதானே நீங்க?" என்று நான் எகிற, பின் சீட்டிலிருந்து அன்றைய பயணத்தில் முதல் முறையாக ஜொகராவின் குரல் வந்தது.

"பெட்ரோல் வாசமே வல்லையே."

இருவரும் திரும்பினோம். "நம்ம வீட்டு வண்டியக் கிளப்பக் கிளப்ப அடுப்படியெல்லாம் பெட்ரோல் நாத்தம் அடிக்கும். சோறே தின்ன முடியாது. இவரு இத்தன வாட்டி கிளப்பியும் இதுல ஒண்ணும் வல்ல. உள்ள பெட்ரோலு போனாத்தானே வாசம் வரும்?"

பெட்ரோல் பம்பின் அடியில் இருந்த சிறு கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினேன். பெட்ரோலைவிடத் துருச்சேறுதான் அதிகம் இருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. இத்தனை வருடமாகச் சமதளத்தில் ஆடாமல் அசையாமல் போன வண்டி. டாங்கில் சேர்ந்த துரு அடியிலேயே படுத்துக் கிடந்திருக்கிறது. துறைமுகத்துக்குப் போனபோது முதல் முறையாக இந்த மேட்டில் ஏறியதில் கலங்க ஆரம்பித்து, இப்போது பாரத்தோடு ஏறியதும் குழாயை அடைத்துக்கொண்டது. கிண்ணத்தைக் கழுவத் தண்ணீர் இல்லையே என்று மச்சான் கவலைப்பட்டார்; அதற்குத் தண்ணீர் ஆகாது என்று அவருக்கு விளங்கவைப்பதைவிட, ரேடியேட்டருக்கு ஓடைத் தண்ணீர் பிடித்துவரச் சொல்லி அனுப்புவது சுலபமாக இருந்தது. அந்த மலையில் நல்ல தண்ணீர் கேட்பாரற்று ஓடுவதைப் பார்த்து, "இத நம்ம ஊருக்குக் கொண்டுபோக முடியாதா?" என்று பொருமிக்கொண்டே போனார்.

நான் குழாயில் வாய் வைத்து ஊதிக்கொண்டிருந்தபோது ஜொகரா இறங்கி வந்தாள். சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்தாளாம்: ஒரு சிறு கட்டுப் பொன் காகிதம், ஊசி குத்திய வெள்ளைத் துணித் துண்டு, பாதி எரிந்த ஊதுவத்தி.

"கல்யாண வண்டியப் பாத்தா சனம் முதுகக் காட்டுமா? இது மவுத்து வண்டிதானே?"

வாயில் பெட்ரோல் இருந்ததால் நான் தலையை மட்டும் ஆட்டினேன். துப்பிவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்: பெடல் ரப்பர், ஆ செங், தலையசைப்பு. "மச்சான்கிட்டச் சொல்லணும்னா சொல்லு. திரும்பிப் போகணும்னாலும் போ. எனக்குப் பொய் சொல்லி முடியல" என்றேன். அவள் அந்தக் காகிதக் கட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"எட்டு வருசம் எங்க வீட்டு முத்தத்துல கார் நின்னுச்சு. எத்தன மாப்பிள்ள ஏறிப் போயிருக்கான். நான் ஒரு நாளு ஏறல, தெரியுமா? பொண்ணுக்குத்தான் ஊர்வலமே கிடையாதே. என் கல்யாணத்தன்னைக்கு உள்ள உக்காந்து வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். ரெண்டு தெரு தள்ளிச் சத்தம் நின்னுபோச்சு. மாப்பிள்ள ஓடிட்டாருன்னே நெனச்சேன். இன்னைக்குத்தான் முதல்ல கார்ல ஏறியிருக்கேன்."

ஓடைப் பக்கமிருந்து மச்சான் வருவது தெரிந்தது. ஜொகரா காகிதக் கட்டைத் தன் பைக்குள் போட்டு மூடினாள்.

"மவுத்தானவுகள மெதுவாக் கொண்டுபோன வண்டிதானே? நான் உசுரோட இருக்கேன். வேகமா ஓட்டுங்க."

ஓட்டினேன். மலை இறங்கியதும் அந்தக் கார் தன் ஆயுளில் முதல் முறையாகக் கடைசிக் கியரில் முழு வேகத்தில் ஓடியது. சாவு நெருங்கிவிட்டது போல மச்சான் கலிமா சொன்னார். ஜொகரா சன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டிச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் சிரிப்பை அவ்வளவு சத்தமாக நான் ஊரில் கேட்டதே இல்லை.

மச்சான் ஒரு மாதம் இருந்தார். தினமும் மாலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கடைத்தெருவை வலம்வந்து மரியாதைகளை ஏற்றுக்கொண்டார். முத்தையா அண்ணன் அந்த மாதம் முழுவதும் கடைக்குள்ளே போய்த்தான் சிரித்தார். பிறகு மச்சான் தனியாகக் கப்பலேறினார். மாமியின் அடுத்த கடிதத்தில், "மருமகனைக் கண்டா சீனாக்காரன் எல்லாம் தொப்பியக் கழட்டுறானாமே, அல்லா ஒங்களுக்கு இன்னும் பவுசு கொடுக்கணும்" என்று இருந்தது. மச்சானோ, தம் பழைய கார் முழுக்கப் படுத்துவிட்டதாகவும், இவ்வளவு ராசியான வண்டியை நான் கப்பலில் அனுப்பிவைத்தால் நம் ஊர்க் கல்யாணங்களுக்குத் தோதாக இருக்கும் என்றும் எழுதியிருந்தார். இதுவரை பதில் போடவில்லை. இந்தக் கட்டுரை எப்படியும் அவர் கண்ணில் படும். மச்சான், இதுதான் பதில். கோபித்துக்கொள்ளுங்கள். உங்கள் தங்கைக்கு இங்கே இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன, இனி எந்தக் கப்பலிலும் கூட்டிப்போக முடியாது.

போன மாதம் ஆ செங்கின் தாயார் இறந்துபோனார். ஆ செங் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "கார் வேண்டும். நீயும் வேண்டும். கிளச்சை எரிக்காமல் அவ்வளவு மெதுவாக ஓட்ட இந்த ஊரில் வேறு ஆள் இல்லை" என்றார். எனக்குத் தட்ட மனமில்லை. மூதாட்டியின் படத்தை முன்னால் கட்டினார்கள். மேளம் முன்னே போக, சொந்தக்காரர்கள் பின்னே நடக்க, நாலு அடி நகர்வதும் நிற்பதுமாக மூன்று மணி நேரம் ஓட்டினேன். ஒரு கட்டத்தில் பாட்டு வரவில்லையே, சர்பத்து வரவில்லையே என்றுகூடத் தோன்றியது. எங்கள் தெருவுக்குள் கார் திரும்பியபோது வாசலில் நின்ற அக்கம்பக்கத்துச் சீனப் பெண்கள் எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பினார்கள். அவர்கள் நடுவில் நின்ற ஜொகராவும், இடுப்பிலிருந்த பிள்ளையோடு, அவர்களைப் போலவே முறையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். கார் அவளை நெருங்கியதும் முதுகு அப்படியே இருக்க, கழுத்து மட்டும் மெல்லத் திரும்பியது. முக்காட்டை ஒதுக்கி, தோளுக்கு மேலாகச் சன்னலுக்குள் எட்டி, உள்ளே யார் போகிறார் என்று பார்த்தாள்.